குப்பைக்கு மட்டும் 'நாம்'

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெம்மேலியை ஒட்டிய கடற்கரையில் குப்பை பொறுக்கப் போனோம். நாங்கள் ஏழெட்டுப் பேர், கூட ஐம்பது கல்லூரி மாணவர்கள். கையுறை, தொப்பி, டி-ஷர்ட் எல்லாம் ஒரு நிறுவனம் கொடுத்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் நாற்பது மூட்டைக்கு மேல் சேர்ந்தது. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் உறை, செருப்பு, அறுந்த வலை, டயாப்பர். டி-ஷர்ட் கொடுத்த நிறுவனத்தின் பிஸ்கட் உறைகளும் அந்த மூட்டைகளுக்குள் இருந்தன என்பதை ஒரு மாணவிதான் கவனித்துச் சொன்னார். சிரித்துக்கொண்டோம். மூட்டைகளை வரிசையாக நிறுத்தி, மஞ்சப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தோம். 'நம் கடல், நம் பொறுப்பு' என்று பதிவும் போட்டோம். நல்ல காரியம் செய்த களைப்போடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிவிட்டோம்.

புதன்கிழமை மாலை, வேறு வேலையாக அந்தப் பக்கத்துக் காலனிக்குப் போனபோது ஊராட்சியில் தூய்மைக் காவலராக இருக்கும் ஓர் அக்காவைப் பார்த்தோம். வலது கை விரலில் துணி சுற்றியிருந்தார். என்னாச்சு என்று கேட்டோம்.

"ஞாயித்துக்கெழம நீங்கதானே வந்தீங்க? மூட்டை கட்டி வச்சுட்டுப் போயிட்டீங்க. ஈரக் குப்பை, மண்ணு, கண்ணாடி எல்லாம் ஒண்ணா. வண்டில ஏத்த முடியல தம்பி. பிரிச்சுத்தான் ஏத்தணும். பிரிச்சது நானும் இன்னொருத்தியும். ரெண்டு நாளு."

கோபமாகச் சொல்லவில்லை. எங்களை உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. எந்த ஊராட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. இதைப் பற்றிக் கடைசியில் மீண்டும் வருவோம்.

தமிழில் 'நாம்' என்று ஒன்று இருக்கிறது, 'நாங்கள்' என்று ஒன்று இருக்கிறது. எதிரே நிற்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இந்த இரண்டு சொற்களும் எப்படிப் புழங்குகின்றன என்று கவனித்துப் பாருங்கள், தோழர்களே. கோவில், குளம், சுடுகாடு, பொதுவழி என்று வந்தால் 'நாங்கள்'. சுற்றுச்சூழல், பூமி, குப்பை என்று வந்தால் மட்டும் 'நாம் எல்லோரும்'. நகராட்சிச் சுவர்களில் எழுதிவைத்திருக்கும் 'என் குப்பை, என் பொறுப்பு' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் வாங்கியவர் இருக்கிறார், போட்டவர் இருக்கிறார். தயாரித்தவர் இல்லை, அள்ளுகிறவரும் இல்லை.

கூட்டுப் பொறுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் கூட்டு என்றால் பங்கு உண்டு. பங்கு என்றால் கணக்கு உண்டு. சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதைப் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று பாடத்தில் படிக்கிறோம். குப்பை விஷயத்தில் அந்தப் படிக்கட்டு அப்படியே வேலை செய்கிறது. லாபம் மேலே ஏறும், கழிவு கீழே இறங்கும். இதைத் திருப்பிப் போட்டால் என்ன? அதிகம் தயாரித்தவருக்கு அதிகப் பொறுப்பு, அதிகம் அனுபவித்தவருக்கு அடுத்தது, அள்ளுகிறவருக்குக் கடைசி. படிநிலைப் பொறுப்பு என்று வேண்டுமானால் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கடைசிப் படியைப் பார்ப்போம். கிராம ஊராட்சிகளில் ஒரு தூய்மைக் காவலருக்குச் சுமார் 150 வீடுகள் என்பது கணக்கு. மாத ஊதியம் 3,600 ரூபாயாக இருந்து, பிறகு 5,000 ரூபாய் ஆனது. ஊதியம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறார்கள். வேலைக்கு மதிப்பு இல்லாத இடத்தில் பெயரிலாவது இருக்கட்டும் என்று வைத்தார்கள் போலிருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் கடற்கரைச் சாலையோர ஊராட்சிகளில் அந்த 150 வீட்டுக் கணக்கு பொருந்தாது. மாமல்லபுரம் போகிறவர்கள், ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள், காரை ஓரங்கட்டி மீன் வறுவல் தின்றுவிட்டுத் தட்டை மணலில் வீசிப் போகிறவர்கள் எல்லோருடைய குப்பையும் அந்த 5,000 ரூபாய்க்குள்தான்.

அடுத்து நம் இயற்கை ஆர்வலர்களுக்குப் பிடித்த ஒன்றைப் பேச வேண்டும்: அந்தக் காலம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கியது. இரண்டையும் நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் இவற்றோடு சேர்ந்து ஒரு பேச்சு வந்தது. நம் முன்னோர்கள் வாழையிலையில் சாப்பிட்டார்கள், மண்பானையில் குடித்தார்கள், எதையும் வீணாக்கவில்லை, அந்த வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்று. யாருடைய முன்னோர்கள்? வாழையிலை மக்கிப்போகும் பொருள்தான். எச்சில் இலையை எடுத்த கை யாருடையது என்பதும் ஊரறிந்த விஷயம்தான். கிழிந்ததைத் தைத்துத் தைத்து உடுத்திய எங்கள் பாட்டிகள் சூழலுக்கு இணக்கமான வாழ்க்கை முறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களிடம் வேறு சேலை இல்லை.

மாமல்லபுரத்தில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடையில் தேங்காய்ச் சிரட்டையை மெருகேற்றிக் கிண்ணமாக வைத்திருந்தார்கள். முந்நூறு ரூபாய். இயற்கைக்கு உகந்தது என்று ஒரு சிறு அட்டை தொங்கியது. எங்களோடு வந்திருந்த ஒரு பெரியவர், அறுபது வயதைத் தாண்டியவர், அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுலதான்டா எங்களுக்கு டீ ஊத்துவான்" என்றார். சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவர்களுக்கு அது மாற்றுப் பொருள் அல்ல. கடைக்கு வெளியே குந்தவைத்த பொருள்.

பிளாஸ்டிக் கப்பின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டமும் வழக்கும் வந்த பிறகு பல ஊர் டீக்கடைகள் ஒரு வழி கண்டுபிடித்தன: அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குக் குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் கப். தீண்டாமை என்று சொன்னால், 'சுத்தத்துக்காகத் தருகிறோம்' என்றார்கள். ஆகவே கப்பைத் தடை செய்யும்போது ஒரு தலித் இளைஞரின் மனதில் எழும் கேள்வி, மூங்கில் கப்பா காகிதக் கப்பா என்பதல்ல. நான் குடித்த டம்ளரைக் கழுவ அந்தக் கடைக்காரர் தயாரா என்பதுதான். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருள் என்றாலே ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் கழுவ வேண்டும், இன்னொருவர் அதிலேயே குடிக்க வேண்டும். சாதி இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. மறுபயன்பாட்டுக்கான பிரச்சாரம் டீக்கடை டம்ளரிலிருந்து தொடங்கட்டும். தீண்டாமை ஒழிப்பும் நெகிழி ஒழிப்பும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் அது.

சாஷேவை எடுத்துக்கொள்வோம். காலனிப் பெட்டிக்கடையில் தோரணம் தோரணமாகத் தொங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் உறைகள். ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறை பரவியதில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரர்களும் ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. அன்றாடக் கூலி வாங்குகிறவர்கள் அன்றாடம்தான் வாங்க முடியும். அதைப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் பிடித்துக்கொண்டன. ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள், சோப்புத்தூள் எல்லாமே தினக்கூலியின் அளவுக்கு நறுக்கப்பட்டு வந்தன. உறையோ பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது. பழைய இரும்புக் கடைக்காரர் எடுக்கமாட்டார். காசு பெறாத குப்பை என்பதால் பொறுக்குகிறவர்களும் தொடமாட்டார்கள். கால்வாயில் அடைக்கும், அல்லது கொளுத்தப்படும். அந்தப் புகையும் நம் தெருவில்தான்.

ஒரு கருத்தரங்கில், "உங்கள் மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, சாஷே வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் ஐந்து லிட்டர் ரீஃபில் கேன் இருக்குமாம். மொத்தமாக வாங்கக் காசிருப்பவர் பசுமையானவர், சில்லறையாக வாங்குகிறவர் விழிப்புணர்வு அற்றவர்! ஆத்திரம் வந்தாலும் ஒன்றை ஒத்துக்கொண்டே ஆகவேண்டும்: அந்த உறை எரியும் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். நிறுவனம் பொறுப்பேற்கும்வரை நாம் கொளுத்திக்கொண்டே இருக்கலாம் என்பது பதில் ஆகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 திடக்கழிவு விதிகளைப் படித்துப் பாருங்கள். மக்காத உறையில் பொருள் விற்கும் நிறுவனம் அந்த உறையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும், உள்ளாட்சிக்கு நிதி உதவ வேண்டும் என்று அவை சொல்லின. நாப்கின், டயாப்பர் தயாரிப்பவர்கள் பயன்படுத்திய ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை தருவது பற்றியும் அதில் இருந்தது. நம் பகுதியில் அள்ளப்படும் நாப்கின்கள் எதில் சுற்றியிருக்கின்றன? செய்தித்தாள், அதுவும் பாதி நேரம் இல்லை. அக்காக்களுக்குத் தெரியும்.

பிறகு 2022 பிப்ரவரியில், பிளாஸ்டிக் உறைகளுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு விரிவாக வந்தது. எவ்வளவு பிளாஸ்டிக்கைச் சந்தையில் இறக்கினாயோ அந்த அளவுக்குக் கணக்குக் காட்டு என்பதுதான் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது சான்றிதழ் வியாபாரம். மறுசுழற்சி ஆலை சான்றிதழ் தரும், நிறுவனம் அதைக் காசு கொடுத்து வாங்கி இணையதளத்தில் கணக்கை முடித்துக்கொள்ளும். லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் புழங்கியதை 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. போலியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கொடுக்கல் வாங்கலில் 150 வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கும் பெண் ஒரு தரப்பே இல்லை. உறையைத் தயாரித்தவருக்குக் கணக்கு உண்டு, உருக்கியவருக்கு வருமானம் உண்டு. நடுவில் கையால் எடுத்தவருக்கு மதிப்பூதியம்.

செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் டாஸ்மாக்கைக் காட்டுங்கள். மலையில் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற கவலை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. பத்து ரூபாய் என்றதும் பாட்டில் தானாக நடந்து கடைக்கு வந்துவிடுகிறது! எந்த விழிப்புணர்வு முகாமும் இதைச் சாதித்ததில்லை. (அந்தக் காலிப் பாட்டில்களை வாங்கி அடுக்கும் வேலை கடை ஊழியர்கள் தலையில் விழுந்து, அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது தனிக் கதை. அங்கேயும் கடைசிப் படிக்குத்தான் தள்ளிவிட்டார்கள்.) யானையின் காலுக்காகக் கவலைப்பட்டது சரிதான், நாங்களும் யானையின் பக்கம்தான். எங்கள் கேள்வி, அக்காவின் விரலுக்கு எப்போது கவலைப்படுவது என்பது. அதே பத்து ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் இல்லை? சிப்ஸ் உறைக்கு ஏன் ஒரு ரூபாய் இல்லை?

தண்ணீர் பாட்டில் என்றதும் நெம்மேலியில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் திறக்கப்பட்டது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் நாற்பது கோடி லிட்டருக்கான ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்ணீர் குழாயில் வடக்கே போகிறது, வேளச்சேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும். உள்ளே இழுக்கும் கடல்நீரில் பாதிக்கும் குறைவுதான் குடிநீராகும். மீதி, கூடுதல் உப்போடு திரும்பக் கடலுக்கே போகும். ஆலை வந்த பிறகு கரை அரிக்கிறது, மீன்பாடு குறைந்துவிட்டது என்று நெம்மேலிக் குப்பத்திலும் சூளேரிக்காட்டுக் குப்பத்திலும் மீனவ மக்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

சென்னைக்குத் தண்ணீர் வேண்டாமா? வேண்டும். 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் நம் மக்களே அதிகம். எனவே ஆலையை மூடு என்று சுலபமாகச் சொல்லிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் குழாயில் வரும் தண்ணீரும் ஒரு தயாரிப்புப் பொருள்தான். அதற்கு மின்சாரம் செலவாகிறது, கழிவு வருகிறது, கழிவு ஒரு குறிப்பிட்ட கரையில் இறங்குகிறது. வார இறுதியில் அதே நகரம் தண்ணீர் பாட்டிலோடு தெற்கே வந்து, காலிப் பாட்டிலை அதே கரையில் போட்டுவிட்டுப் போகிறது. நகரத்தின் பங்கு என்று ஒன்று கணக்கிடப்படுகிறதா? கடற்கரை ஊராட்சிகளின் தூய்மைப் பணிக்குச் சென்னை என்ன தருகிறது? ஊர்க்கூட்டத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கிற அளவுக்கு நியாயமற்ற கேள்வியாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இதுவரை மற்றவர்கள் பங்கைப் பேசினோம். நம் பங்கு?

ஏப்ரல் 14ஐ எடுத்துக்கொள்வோம். அண்ணல் பிறந்தநாளுக்கு நாம் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர்கள் எல்லாம் பிவிசி. மறுநாள் அவை எங்கே போகின்றன? ஒன்றிரண்டு கூரைக்குப் போகும், மீதி சாக்கடை ஓரம். கூட்டத்தில் கொடுக்கும் தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய பிரியாணித் தட்டு. மேடையில் தூய்மைப் பணியாளர் உரிமை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவோம். மேடைக்குக் கீழே கிடப்பதை மறுநாள் விடியற்காலை கூட்டுகிறவர் நம் சித்தியாகவோ அத்தையாகவோ இருப்பார். நாங்களும் இதைச் செய்தவர்கள்தான், பல ஆண்டு.

இதை எங்கள் கூட்டத்தில் எடுத்தபோது ஒரு தம்பி கடுப்பாகிவிட்டார். "வன்கொடுமை வழக்குக்கே ஆள் பத்தல, இதுல தட்டைக் கழுவிட்டு இருக்கணுமாண்ணே? இதெல்லாம் வசதியானவங்க அரசியல்." அவர் பேச்சை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே, பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் சாதி. நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்களே. அதற்கு ஆதரவாக முதலில் பதிவு போட்டவர் இதே தம்பிதான். அவர்கள் வேலை நிரந்தரம் கேட்டார்கள், கௌரவம் கேட்டார்கள். தரம் பிரிக்காத ஒரு பையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கௌரவத்தை எப்படிப் பேசுவது? வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை நாங்கள் சுகாதாரப் பழக்கமாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அடுத்தவர் கையை என் எச்சிலில் விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்பது சாதி ஒழிப்பின் பகுதி. தம்பி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஆண்டு தட்டு வாடகைக்கு எடுத்தபோது, கழுவ முதலில் உட்கார்ந்ததும் அவர்தான். ஆண்கள் கழுவினோம். இருநூற்றைம்பது தட்டு. இடுப்பு ஒடிந்துவிட்டது.

கடற்கரைக்கு மறுபடியும் போனோம், வேறு மாதிரி. டி-ஷர்ட் இல்லை. மணலை உதறி, ஈரத்தைத் தனியாக, கண்ணாடியைத் தனி டின்னில் பிரித்த பிறகே மூட்டை கட்டினோம். வண்டி வரும்வரை நின்று நாங்களே ஏற்றினோம். மதியம் ஆகிவிட்டது, மாணவர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். உறைகளை நிறுவனம் வாரியாக எண்ணி நோட்டில் எழுதினோம். ஒரு கரையில் ஒரு நாள் எண்ணியதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமுடியாது. அதனால் நெம்மேலிக் கல்லூரி மாணவர்களும் கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கத்துத் தோழர்களும் மாதம் ஒருமுறை தங்கள் ஊர்க் கரையிலோ ஏரியிலோ எண்ணித் தந்தால் உதவியாக இருக்கும். அந்தக் கணக்கோடு, எந்தெந்த நிறுவனம் நம் ஊராட்சிக்கு 2016 விதிகளின்படி என்ன உதவி செய்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்தான் கட்டணம்.

இன்னொரு வேலை கிராம சபை மனு. தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலுறையும் ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுப்பதற்காக அல்லாமல் கிழியும்போதெல்லாம் தர வேண்டும். விடுமுறை நாட்களில் சுற்றுலாக் குப்பைக்குத் தனி ஆள், தனிக் கூலி வேண்டும். ரிசார்ட்டுகளும் சாலையோர உணவகங்களும் தங்கள் குப்பையைத் தாங்களே தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். ஊதியம் மதிப்பூதியமாக இல்லாமல் ஊதியமாக இருக்க வேண்டும்.

மனுவை அக்காவிடம் படித்துக் காட்டினோம். முழுசாகக் கேட்டார். காலுறை வேண்டாம், பூட்ஸ் என்று போடுங்கள், மணலில் காலுறை நிற்காது என்று திருத்தினார். நாப்கின் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டார், சேர்த்தோம். கையெழுத்து போட எங்கே இடம் என்று பேனாவை நீட்டியபோது கொஞ்சம் தயங்கினார்.

"என் பேரை மொதல்ல போடாதீங்க. மொதப் பேரா இருந்தா வேலைய எடுத்துடுவாங்க. வீட்டுக்காரங்க போடட்டும். குப்பை போடுறவங்க போடட்டும். நாங்க கடைசியில போடுறோம்."

எழுபது கையெழுத்துக்குப் பிறகு அவர் போடுவதாக முடிவாகியிருக்கிறது. காலனியில் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. குப்பத்தில் பதினொன்று. ஊர்த்தெருவில் இதுவரை நான்கு. அடுத்த கிராம சபை ஜனவரி 26. ஊர்த்தெருவுக்கு வரும் ஞாயிறும் போகிறோம், வர முடிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.